"ஒத்துக்கறேன்" என்று சொன்ன பிறகு

இந்த எபிசோடு கோர்ட்டில் சொல்லப்படுகிற ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியது: "ஒத்துக்கறேன்."

சுருளிப்பட்டி என்றால் நம்மில் பலருக்கு அருவியும் திராட்சைத் தோட்டமும்தான் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரர் ஒருவர் மேல் சின்னதா ஒரு கேஸ் விழுகிறது என்று வச்சுக்குவோம். கம்பம் வழியா உத்தமபாளையம் கோர்ட்டுக்கு பஸ் ஏறணும். ஒரு வாய்தாவுக்கு ஒருநாள் கூலி போச்சு. நாலாவது வாய்தாவில் யாராவது காதோரம் சொல்வாங்க: "ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிட்டுப் போப்பா." பல நேரம் அதைச் சொல்றது அவருக்காக வந்த வக்கீலாவே இருக்கலாம். அவரும் ஒத்துக்கிறார். அப்புறம்தான் தெரியுது, அது ஃபைனோட முடியிற விஷயம் இல்லைன்னு. அதைத் திரும்ப வாங்க முடியுமா?

நம்ம சாஃப்ட்வேரில் எல்லாத்துக்கும் ஒரு 'அன்டூ' இருக்கும். இங்கே அதை ரொம்ப யோசிச்சே எடுத்து வச்சிருக்காங்க. 1898-ம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 412: குற்றத்தை ஒத்துக்கிட்டுத் தண்டனை வாங்கினவருக்கு அப்பீல் கிடையாது. தண்டனையின் அளவு சரியா, அது சட்டப்படி செல்லுமா என்று மட்டும் கேட்கலாம். அதே சட்டத்தின் பிரிவு 340, வக்கீல் வச்சுக்கிறது உன் உரிமைன்னு சொல்லுது. ஃபீஸ் யார் கொடுப்பாங்கன்னு சொல்லலை.

இந்த ரெண்டையும் கம்பம் பள்ளத்தாக்கில் வச்சுப் பாருங்க. 1911 குற்றப் பழங்குடிகள் சட்டம், இந்தப் பக்கம் சொல்ற பேரில் ரேகைச் சட்டம், பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மேல் திணிக்கப்பட்ட காலம். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது நமக்குத் தெரியும். நாம அதிகம் பேசாதது அந்தச் சட்டத்தின் பிரிவு 23. பதிவான பழங்குடியைச் சேர்ந்த ஒருவர், பட்டியலில் உள்ள குற்றங்களில் ரெண்டாவது தடவை தண்டனை பெற்றால், குறைந்தது 7 வருஷம் சிறை. மூணாவது தடவைன்னா ஆயுளுக்கும் நாடுகடத்தல். கோர்ட் தனிக் காரணம் எழுதினால் மட்டும் விலக்கு. அப்போ, "சீக்கிரம் முடியட்டும்"னு முதல் கேஸில் ஒத்துக்கிட்டவரோட கதி? அந்த வார்த்தைக்குப் பின்னாடி என்ன காத்திருக்குன்னு அவருக்குச் சொல்ல ஒரு வக்கீல் இருந்திருக்கணும். என்னைக் கேட்டால், துப்பாக்கியை விட அமைதியா வேலை செஞ்ச பிரிவு இது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. அதில் ஒரு கேஸ் நம்ம மாநிலத்தோடது: மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் மெட்ராஸ் மாநிலம். 1966 தீர்ப்புத் தொகுப்பில் வந்தது. மதுவிலக்குச் சட்டத்தில் ஒருவர் குற்றத்தை ஒத்துக்கிட்டார்னு தண்டனை. உச்ச நீதிமன்றம் பார்த்தது அவர் சொன்னதா எழுதி வச்ச பதிவை. அவர் பேசின வார்த்தை எதுவும் அதில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே எழுதணும்ங்கிறது கட்டாயம், அதை மீறினால் விசாரணையே செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. 'ஒத்துக்கிட்டார்' என்று ஒரு வரி எழுதினால் போதாது.

அப்புறம் பஷீரா எதிர் உத்தரப் பிரதேசம், 1968. கொலைக் கேஸ், தூக்குத் தண்டனை. அவருக்காக கோர்ட் நியமிச்ச வக்கீலுக்கு, கேஸைப் படிக்கவே நேரம் தரலை. நியமிச்ச அன்னைக்கே சாட்சி விசாரணை. இது ஒத்துக்கிட்ட கேஸ் இல்லைதான். ஆனா வக்கீல்னு ஒரு ஆள் நின்னா மட்டும் போதாதுன்னு சொல்லி, மறு விசாரணைக்கு அனுப்பினது முக்கியம்.

1980-ல் குஜராத்திலிருந்து காசம்பாய் கேஸ். கலப்படக் குற்றச்சாட்டு. குறைஞ்ச தண்டனைன்னு பேசி முடிச்சு ஒத்துக்க வச்சாங்க. உயர் நீதிமன்றம் தண்டனையை ஏத்திடுச்சு. பேரத்துக்கு நம்பி ஒத்துக்கிட்டவர் நடுத்தெருவில். அப்படி வாங்கின ஒப்புதலை வச்சுத் தண்டிக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1986-ல் சுக் தாஸ் கேஸ்: இலவச வக்கீல் கேட்கலைன்னு காரணம் சொல்லி, வக்கீல் இல்லாமலே தண்டிக்க முடியாது. கேட்கத் தெரியாதவர்தானே ஏழை! அதே பேர விஷயத்தை 2006-ல் சட்டமே விதிகளோட உள்ளே கொண்டுவந்தது தனிக் கதை.

அமெரிக்காவில் 'என் வக்கீல் தப்பாச் சொன்னார்'ங்கிறதே நேரடி வாதம். ஹோண்டுராஸில் பிறந்து, 40 வருஷத்துக்கு மேல் அங்கே வாழ்ந்த லாரி டிரைவர் ஹோசே படீயா. வண்டியில் கஞ்சா. ஒத்துக்கோ, நாடுகடத்தல் பற்றிக் கவலைப்படாதேன்னு வக்கீல் சொன்னாராம். ஒத்துக்கிட்டதுமே நாடுகடத்தல் கிட்டத்தட்ட நிச்சயம். அந்த ஆபத்தைச் சொல்வது வக்கீலின் கடமைன்னு 2010-ல் அங்கத்து உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே ஒரு தடையும் உண்டு: சரியான ஆலோசனை கிடைச்சிருந்தா ஒத்துக்கிட்டே இருக்க மாட்டேன்னு காட்டணும்.

நம்மூரில் அந்த அளவுக்குத் தெளிவான வழி இல்லை. புதுச் சட்டத்திலும் அப்பீல் தடை அப்படியே இருக்கு. பதிவில் கோளாறு, சரியாப் புரிய வைக்கலை, வக்கீலே இல்லை, இந்த மாதிரிக் காரணத்தோட மேல் கோர்ட்டில் சீராய்வு மனு போடலாம். 2004-லிருந்து மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கு. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஒத்துக்கிறதுக்கு முன்னாடி கூப்பிட வேண்டிய நம்பர் 15100.