பாசிக்கு வித்து எது?

ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமையாக்கினார் பரணர். கை பட்டால் விலகுவதும் கை எடுத்தால் மீண்டும் மூடுவதும் அப்பாசியின் இயல்பு என்பதைக் குறுந்தொகையின் 399ஆம் பாடல் கண்டு சொல்கிறது. பாசி பரவும் என்பது நம் முன்னோர் அறிந்த செய்தியே. அதன் வித்து எது என்னும் வினாவோ நெடுங்காலம் விடையின்றி நின்றது. கடற்பாசியைப் பொறுத்தவரை அது தாவரவியலோடு முடிந்துவிடும் வினா அன்று. தமிழ்க் கடற்கரையில் பல குடும்பங்களின் பிழைப்பும் சில தீவுகளின் பவளப்பாறைகளும் அதன் விடையைச் சார்ந்திருக்கின்றன. அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பத்துக்குக் கிழக்கே உள்ள நல்லவாட்டின் கரை மணற்கரை. அலை புரட்டும் மணலில் கடற்பாசி நிலைகொள்வது அரிது. அதற்கு வேர் கிடையாது. பற்றுறுப்பு ஒன்றால் கல்லையோ சிப்பியையோ பிடித்து நிற்கிறது. உணவை உடல் முழுவதாலும் நீரிலிருந்து உறிஞ்சிக் கொள்கிறது. பூவும் காயும் இல்லாத அவ்வுயிர், ஸ்போர் எனப்படும் நுண்வித்துகளை நீரில் விடுகிறது. பச்சைப்பாசிகள் பலவற்றின் நுண்வித்துகளுக்கு நீந்துவதற்கு இழைகள் உண்டு. ஆகவேதான் கடலில் புதிதாகக் கல் கொட்டிய இடமெல்லாம் சில காலத்தில் பச்சை பூக்கிறது. செம்பாசிகளுக்கு அந்த இழைகள் அறவே இல்லை. அவற்றின் ஆணணுக்களும் நீரின் போக்கில்தான் செல்ல வேண்டும். நுண்வித்துகள் பெரும்பாலும் தாய்ப்பாசியின் அருகிலேயே படிந்துவிடுகின்றன. பூவுக்கு வண்டு போலச் சிறு கடலுயிர் ஒன்று செம்பாசியின் ஆணணுக்களைச் சுமந்து செல்வதைப் பிரெஞ்சுக் கடற்கரை ஆய்வாளர்கள் 2022இல்தான் கண்டறிந்தனர்.

இவ்வகைக் கண்டுபிடிப்பு ஓர் ஊரின் வாழ்வையே மாற்ற வல்லது என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே உணவாகும் நோரிப் பாசி கோடையில் மறைந்து குளிர்காலத்தில் மீளும். இடையில் அது எங்கே போகிறது என்பதை வளர்ப்போர் அறியார். 1949இல் ஆங்கிலேயப் பெண் அறிஞர் கேத்லீன் ட்ரூ, சிப்பி ஓட்டினுள் வாழும் இளஞ்சிவப்பு இழையொன்று அத்தகைய பாசியின் மறுபருவமே என்று நிறுவினார். அதன்பின் சிப்பி ஓடே நோரிக்கு நாற்றங்கால் ஆயிற்று. 1963இல் ஜப்பானியர் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர்.

நம் கரையில் கதை வேறு வகையில் நடந்தது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் மா. ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் தாவரங்களை 1927இல் பதிவு செய்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அகர் வரத்து நின்றபோதுதான் இந்நாட்டுச் செம்பாசிகளின் மதிப்பு பலருக்கும் புலப்பட்டது. 1960களிலிருந்து இராமநாதபுரக் கடற்கரைப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் மூழ்கிப் பறித்து விற்று வருகின்றனர். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும், அவர்களுடைய தொழில் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. பெண்களோ தாமே விதி வகுத்தனர். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பறிப்பது, பாறையை இரும்பால் சுரண்டாதிருப்பது என்பன அவ்விதிகள். பற்றுறுப்பு பாறையில் தங்கினால் பாசி மீண்டும் தழைக்கும் என்பது அவர்களுடைய பட்டறிவு. இப்பெண்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015இல் பன்னாட்டு விருதான சீகாலஜி விருதைப் பெற்றார்.

இந்நிலையில் 1990களில் மண்டபத்துக்கு ஓர் அயற்பாசி வந்தது. பிலிப்பைன்சில் 1970களிலிருந்து பெருவாரியாகப் பயிரிடப்பட்ட அதன் பெயர் காப்பாபைகஸ் அல்வரேசி. இதற்கு நாற்றங்காலும் வேண்டா, நுண்வித்தும் வேண்டா. ஒடித்த துண்டைக் கயிற்றில் கட்டி மூங்கில் தெப்பத்தில் மிதக்கவிட்டால் 45 நாளில் பன்மடங்காகும். அதிலிருந்தே அடுத்த போகத்துக்குத் துண்டுகள் கிடைக்கும். 2000ஆம் ஆண்டையொட்டி பெப்சி நிறுவனம் இதில் இறங்கியதால் ஊர் அதனைப் ‘பெப்சி பாசி’ என்றது. மூழ்கிப் பறித்த பெண்கள் பலர் கரையிலிருந்தே பயிரிடலாயினர்.

ஒடித்தால் பெருகுவது பயிருக்கு வரம். அதே பண்பு கடலுக்கு இடரும் ஆகலாம். அலையும் கயிற்றின் உராய்வும் ஒடிக்கும் துண்டு எங்கே போய்த் தங்கும் என்பதற்கு உழவர் பொறுப்பேற்க இயலாது. 2005இல் தமிழக அரசு இப்பாசி வளர்ப்புக்கு எல்லை வகுத்தது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மீது இப்பாசி போர்வையெனப் படர்ந்திருந்ததைக் காட்டியது. ஐயங்கார் பட்டியலிட்ட அதே தீவில், 81 ஆண்டுகளுக்குப் பின், அவர் காணாத ஓர் அயலார் குடியேறியிருந்தார். வேலி தாண்ட அதற்கு விதை தேவைப்படவில்லை.

இன்று கடற்பாசி வளர்ப்பு மீண்டும் ஊக்குவிக்கப்படுகிறது. 2021இல் மத்திய வரவு செலவுத் திட்டம் அறிவித்த கடற்பாசிப் பூங்காவுக்கு, இராமநாதபுர மாவட்ட வலமாவூரில் 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மீன் குறைந்த காலத்தில் மீனவப் பெண்டிருக்கு இதனால் வருமானம் வருமெனில் அதனை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் நல்லவாடு போன்ற வடகரை ஊர்களுக்கு நாளை இத்தெப்பங்கள் வருமாயின், விளைச்சல் எவ்வளவு, விலை எவ்வளவு என்று கேட்பதோடு அவ்வூரார் நிற்கலாகாது. இந்தப் பாசிக்கு வித்து எது, ஒடிந்தால் அது எங்கே போகும் என்பதையும் முதலிலேயே கேட்டல் வேண்டும். நம் கடற்கரையிலேயே பிறந்த பாசிகளை வளர்க்கும் முயற்சிக்குத் தனி மதிப்பு உண்டாவதும் இதனால்தான்.