கண்புரை அறுவை அரங்கப் பணியாளர்

கண்புரை அறுவையில் மருத்துவரோடு சேர்ந்து உழைக்கும் பயிற்சி பெற்ற உதவியாளர் அணி. இதற்குச் சிறந்த சான்று, 1997இல் கோவையில் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை. இதன் தாய் நிறுவனத்தை 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியவர் கோ. வெங்கடசாமி; முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் விடாது பழகி அறுவை செய்தவர்.

அரவிந்தின் அறுவை முறையில் மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியை ஆயத்தம் செய்துவிடுவார்கள். முடிந்ததும் நுண்ணோக்கி அப்பக்கம் திரும்பும். கீறல், புரை அகற்றல், வில்லை பொருத்தல் ஆகியவை மருத்துவர் கையில். பார்வைச் சோதனை, வில்லை அளவெடுப்பு, கருவிகளைக் கிருமி நீக்கி வரிசையாக நீட்டுதல் முதலியன, நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்றழைக்கும் உதவியாளர்களுடையவை. பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களான இவர்கள் மருத்துவமனையிலேயே இரண்டாண்டுகள் பயில்கிறார்கள். மருத்துவரின் வேகத்துக்குக் கிடைக்கும் புகழில் பெரும்பங்கு இவர்களுக்கே உரியது.

எந்தக் கண், எவ்வளவு திறனுள்ள வில்லை என்பதைக் கத்தி படுமுன் சரிபார்ப்பது அணி முழுவதன் கடமை. இறுதிப் பொறுப்பு மருத்துவருடையது. அறுவைக்குப் பின் சொட்டு மருந்து இடும் முறையை நோயாளிக்கும் வீட்டாருக்கும் பொறுமையாகச் சொல்லித்தருவதும் இப்பணியில் அடங்கும்.