கொடைக்கானல் பாதரச மாசு

கொடைக்கானல் பாதரச மாசு என்பது, பழனி மலையில் இயங்கிய வெப்பமானி ஆலையின் பாதரசம் அங்குள்ள காற்று, பாசி, ஏரிநீர், மண் ஆகியவற்றில் கலந்ததைக் குறிக்கும். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்களைக் கொண்டுவந்து, பாம்பார் சோலைக்கு மேலே 1983இல் பாண்ட்ஸ் நிறுவனம் இதை அமைத்தது. பின்னர் இது இந்துஸ்தான் லீவர் வசமானது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கொன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குவியலை ஊர்மக்களும் சூழலியல் அமைப்புகளும் கண்டுபிடித்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பியது. ஆவியாகிக் காற்றில் கலந்த பாதரசமோ மலையிலேயே தங்கிவிட்டது.

அதைக் காட்டிக்கொடுத்தவை பாசிகள். மாஸ் எனப்படும் நிலப்பாசிக்கும், சமையல் கல்பாசியின் இனமான லைக்கனுக்கும் உண்மையான வேர் கிடையாது. மழையும் மூடுபனியும் தருவதையே உறிஞ்சுவதால், காற்றிலுள்ள உலோகம் அவற்றின் திசுக்களில் சேர்ந்துகொண்டே போகும். அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வகம் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆலையருகே எடுத்த மாதிரிகளில் பெரிஜம் ஏரிப்பகுதியைவிடப் பன்மடங்கு பாதரசம் இருந்தது.

பாதரசம் கலந்த மற்றோர் இடமான கொடைக்கானல் ஏரி, மதுரை ஆட்சியர் வியர் லெவிஞ்சின் முயற்சியால் 1863இல் சதுப்புநிலத்தில் கரைகட்டி உருவாக்கப்பட்டது. இத்தகைய ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் இராது. சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் அங்கே பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் மீன் உண்டவர்களின் நரம்புகளைச் சிதைத்த நச்சு அதுதான். 2006இல் வெளியான ஆய்வு, ஏரிநீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசத்தைக் கண்டது. அதில் 50 நானோகிராம் மெத்தில் பாதரசம்.

நிலக்கரிப் புகையின் கந்தகம் மழையோடு சல்பேட்டாக இறங்கும்போது இப்பாக்டீரியாக்களுக்கு இரை கூடுகிறது. அதே கந்தகம் பாசியை நேரடியாகவும் கொல்லும். மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைப்புகை படிந்த இங்கிலாந்தின் தெற்குப் பென்னைன் மலைகளில் ஸ்பாக்னம் என்னும் சதுப்புப் பாசி பெரும்பாலும் அழிந்து, காப்பிழந்த கரிமண் அரித்தோடியது.

2016இல் கொடைக்கானல் ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை வளாகத்து மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குத் தூய்மைப்படுத்தினால் போதும் என்ற முடிவைச் சூழலியலாளர்கள் எதிர்த்தனர். ஆலை அமைந்த சரிவின் நீர் பாம்பாற்றில் இறங்கி, கும்பக்கரை அருவியாக விழுந்து, வைகைப் படுகையைச் சேர்கிறது.