கண்டியின் பழம் புகைப்படங்களும் கருவெள்ளைச் சான்றும்

மலைநாட்டுத் தலைநகராகிய கண்டியின் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றை ஆராய்வோர்க்கு, ஏட்டுச் சான்றுகளோடு புகைப்படங்களும் துணை நிற்கின்றன. 1860களிற் கண்டியிற் புகைப்பட நிலையம் நடத்திய யோசப் லோட்டன் என்பார், 1870-71 ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் தொல்சின்னங்களைப் படமெடுத்தார். 1876 அளவிற் சாள்ஸ் ஸ்கோவன் என்பாரும் அந்நகரிலே நிலையம் நிறுவினார். மலைநாட்டுக் காட்சிகளையும் தேயிலைத் தோட்டங்களையும் ஆங்கு உழைத்த தமிழ் மக்களையும் நாம் இன்று காண்பதற்கு இத்தகையோரின் படங்கள் பெரிதும் உதவுகின்றன.

புகைப்படம் பொய் கூறாது என்பது பலர் கருத்து. ஆயின், பல நிறங் கொண்ட உலகைக் கருமைக்கும் வெண்மைக்கும் இடையில் அடக்குதல் ஒருவகை மொழிபெயர்ப்பேயாம். மொழிபெயர்ப்பாளனின் குறையறியாது மூலத்தை மதிப்பிடுதல் தகுமோ?

அக்காலக் கண்ணாடித் தகடுகளிற் பூசப்பட்ட வெள்ளியுப்புக்கள் நீலத்தையும் ஊதாவையுமே நன்கு உணர்ந்தன. செம்மையும் மஞ்சளும் அவற்றிற் பதியவில்லை. ஆதலின், நீலவானம் முகிலோடு வேறுபாடின்றி வெளுத்தது. பிக்குமாரின் மஞ்சளாடை இருண்டது. குங்குமச் சிவப்புச் சேலை கருஞ்சேலையாகவும், வெளிர்நீலச் சேலை வெண்சேலையாகவும் தோன்றின. வெண்சேலை கண்டு ஒருத்தியைக் கைம்பெண் எனத் துணியும் ஆய்வாளர் பிழைபடுதல் கூடும்.

இதனினும் பெரிய தீங்கொன்று உண்டு. மாந்தர் மேனியின் செம்மஞ்சட் சாயலைத் தகடு உணராமையால், தோட்டத் தொழிலாளர் முகங்கள் நேரிற் கண்டதினும் கரியனவாய்ப் பதிந்தன. இத்தகைய படங்கள் 'இன மாதிரிகள்' என விற்கப்பட்ட அந்நாளில், தகட்டின் குறையை மக்களின் இயல்பாகப் பிறநாட்டார் கொள்ள இடமுண்டாயிற்று.

1873இல் ஜெர்மானிய அறிஞர் போகல், சாயங்கள் சேர்ப்பின் தகடு பச்சையையும் மஞ்சளையும் உணரும் எனக் கண்டார். எல்லா நிறங்களையும் உணருந் தகடுகள் 1906இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. எனவே, ஒரு படம் எவ்வாண்டில், எவ்வகைத் தகட்டில் எடுக்கப்பட்டது என வினவாது அதன் நிறவேறுபாடுகளைச் சான்றாகக் கொள்ளலாகாது.

இவ்வுண்மையை மாணவர் தாமே சோதித்தறியலாம். இன்று கணினியில் வண்ணப்படத்தைக் கருவெள்ளையாக்கும் பொது முறையொன்று, செம்மையில் நூற்றுக்கு 30 வீதமும், பச்சையில் 59 வீதமும், நீலத்தில் 11 வீதமும் கூட்டுகின்றது. நம் கண் பச்சையொளியை மிகுதியாக உணர்தலே இதற்குக் காரணம். கண்டி வாவிக் கரையில் எடுத்த வண்ணப்படம் ஒன்றை முதலில் இம்முறைப்படி மாற்றுக. பின்னர் நீலத்தை மட்டும் நிறுத்தி, ஏனைய இரண்டையும் நீக்குக. வானம் வெளுக்கும்; செம்மண் கருக்கும்; நண்பர் முகமும் இருளும். லோட்டனின் தகடு கண்ட கண்டி ஏறத்தாழ அதுவே.

இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர், பழம்படத்திற் காணும் கருமை எவருடையது என்பதைத் தெளிவர்.