சோபாவில் உச்சா போகும் பூனை... கோபமா, நோயா, எல்லைப் பிரச்னையா? என்ன செய்ய வேண்டும்?

ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் எடுத்த சட்டையில் ஒரு காட்டமான வாடை. போன வாரம் சோபா, அதற்கு முன்னால் மெத்தை. வீட்டுக்குள் பூனை வளர்க்கும் பலருக்கும் இது பழகிப்போன கதைதான். `முதல்ல இதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வா' என்று வீட்டில் குரல் எழும். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரின் புகாரும் சேர்ந்துகொள்ளும்.

`நான் ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டேன்ல, அந்தக் கோபத்துல வேணும்னே பண்ணுது' என்று நாமே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிடுவோம். ஆனால், திட்டம் போட்டுப் பழிவாங்கும் வேலையெல்லாம் பூனைக்குத் தெரியாது. வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மண்ணைத் தோண்டி, கழிவை மூடிவைப்பது அதன் வழியில் வந்த இயல்பு. அந்த இயல்பை மீறி சோபாவில் போகிறது என்றால், ஏதோ ஒன்று சரியில்லை. அது உடம்பில் இருக்கலாம், கழிப்பிடத்தில் இருக்கலாம், அல்லது அதன் எல்லைக்குள் இருக்கலாம். எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

சிறுநீரா... ஸ்ப்ரேயா?

இரண்டும் ஒன்றல்ல. ஈரம் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். மெத்தை, தரைவிரிப்பு, துணிக்குவியல் போன்ற இடங்களில் உட்கார்ந்து, நிறைய ஈரமாக்கியிருந்தால் அது சிறுநீர் கழிப்பது. சுவர், கதவு, திரைச்சீலை, சோபாவின் பக்கவாட்டு என செங்குத்தான இடங்களில் கொஞ்சமாகத் தெறித்திருந்தால் அது `ஸ்ப்ரே'. நின்றபடி, வாலை நேராகத் தூக்கி, வால் நுனி நடுங்க பின்பக்கமாகப் பீய்ச்சும். `இது என் ஏரியா' என்று மற்ற பூனைகளுக்கு எழுதிவைக்கும் போஸ்டர் அது. முதலாவதற்கு உடல்நலமும் கழிப்பிடமும் காரணமாக இருக்கலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஹார்மோனும் பதற்றமும்தான் காரணம்.

இந்த அறிகுறி இருந்தால் காத்திருக்காதீர்கள்!

ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று பழக்கத்தை மாற்றினால், முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீர்க் கற்கள் போன்றவை இருந்தால் சிறுநீர் கழிக்கும்போது வலிக்கும். `அந்த டப்பாவுக்குப் போனால்தான் வலிக்கிறது' என்று பூனை முடிவுகட்டி, வேறு இடம் தேட ஆரம்பித்துவிடும். வயதான பூனை என்றால் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைநோய், தைராய்டு, மூட்டுவலி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் அடுத்த வரிகளை இரண்டு முறை படியுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகலானது. சிறு படிகமோ, சளி போன்ற அடைப்போ போதும்... முழுவதுமாக அடைத்துக்கொள்ளும். அடிக்கடி லிட்டர் பாக்ஸுக்குப் போய் முக்குவது, ஒரு சொட்டுகூட வராமல் இருப்பது, கத்துவது, பிறப்புறுப்பை விடாமல் நக்குவது, சாப்பிடாமல் வாந்தியெடுப்பது... இவை தெரிந்தால் அது அவசரநிலை. ரத்தத்தில் பொட்டாசியமும் கழிவுகளும் ஏறி, இரண்டு மூன்று நாள்களில் உயிரே போகலாம். `மலச்சிக்கல் போல' என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் மருத்துவரைத் தேடி ஓட வேண்டியதுதான்.

வலிக்கிறதே என்று நாம் போடும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை முறையாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கும்.

லிட்டர் பாக்ஸ்... பூனையின் கண்ணில் பாருங்கள்!

மருத்துவர் `உடம்புக்கு ஒண்ணும் இல்லை' என்று சொல்லிவிட்டால், அடுத்த சந்தேகம் கழிப்பிடத்தின் மேல். பல வீடுகளில் பிரச்னை இங்கேதான் இருக்கிறது.

* எத்தனை? பூனைகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு பூனைக்கு 2 பாக்ஸ், இரண்டு பூனைகளுக்கு 3. எல்லாவற்றையும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். தனித்தனி இடங்களில் வையுங்கள்.

* எவ்வளவு பெரிது? மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு. கடையில் விற்கும் பல பாக்ஸ்கள் வளர்ந்த பூனைக்குச் சிறியவை. அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கிக்கொண்டால் போதும். குட்டிக்கும் மூட்டுவலி உள்ள வயதான பூனைக்கும் இந்தத் தாழ்வான வாசல் அவசியம்.

* என்ன மணல்? பல பூனைகளுக்குப் பிடித்தது வாசனை சேர்க்காத, பொடியான, கட்டியாகும் மணல். லாவெண்டர், ரோஜா வாசனையெல்லாம் நமக்குத்தான். சுமார் 2 அங்குல ஆழம் இருக்கட்டும். வேறு மணலுக்கு மாற வேண்டுமென்றால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள்.

* எங்கே? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். திடீரென்று அதிரும் வாஷிங்மெஷின் பக்கத்திலும் வேண்டாம். அமைதியான, ஆனால் எளிதில் போய்வரக்கூடிய இடம் நல்லது. பாத்ரூமில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டால் பாவம், அது எங்கே போகும்?

* சுத்தம்? தினமும் ஒரு முறையாவது கழிவை அள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறை பாக்ஸை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். பூனைக் கழிவின் வழியாக டாக்ஸோபிளாஸ்மா கிருமி பரவ வாய்ப்பிருக்கிறது.

மூடிபோட்ட பாக்ஸ் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், வாடையெல்லாம் உள்ளேயே அடைந்து நிற்கும். சில பூனைகளுக்கு அதனாலேயே பிடிக்காமல் போகும்.

கருத்தடை... ஸ்ப்ரேக்கு முதல் மருந்து!

சுவரில் பீய்ச்சும் ஆண் பூனை என்றால், கருத்தடை அறுவை சிகிச்சைதான் முதல் தீர்வு. இதைச் செய்தபிறகு ஏறக்குறைய பத்தில் ஒன்பது ஆண் பூனைகள் ஸ்ப்ரே செய்வதைப் பெருமளவு குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். 5-6 மாதங்களில் பூனை பருவத்துக்கு வந்துவிடும் என்பதால், பழக்கம் தொடங்கும் முன்பே செய்வது நல்லது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும்.

`பெண் பூனைதானே' என்று விட்டுவிட வேண்டாம். பருவத்தில் இருக்கும் பெண் பூனையும் ஸ்ப்ரே செய்யும். அதற்கும் கருத்தடை உதவும். தனியார் க்ளினிக்கில் செலவாகும் என்று தயங்குபவர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரிக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே யார்?

கருத்தடை செய்தும் தொடர்கிறதா? ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். பால்கனியிலோ மதில்மேலோ தினமும் ஒரு தெருப்பூனை வந்துபோனால், உள்ளே இருக்கும் உங்கள் செல்லத்துக்கு அது எல்லை மீறல். வாசல் கதவு, ஜன்னல் ஓரம் என்று பார்த்துப் பார்த்து ஸ்ப்ரே செய்தால் சந்தேகமே வேண்டாம். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை ஸ்டிக்கரோ திரையோ போட்டு மறையுங்கள். வாசலில் தெருப்பூனைக்குச் சாப்பாடு வைக்கும் வழக்கம் இருந்தால், அதைச் சற்றுத் தள்ளி மாற்றுங்கள்.

புதுப் பூனை, புதுக் குழந்தை, வீடு மாறுவது, வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது, உங்கள் ஷிஃப்ட் மாறுவது... எல்லாமே பூனைக்குப் பதற்றம்தான். இந்தப் பதற்றமே சிறுநீர்ப்பை அழற்சியையும் தூண்டக்கூடும். சாப்பாடும் விளையாட்டும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். ஏறி உட்கார உயரமான இடம், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஆங்காங்கே தண்ணீர்க் கிண்ணம்... பெரிய செலவில்லை. இரண்டு பூனைகள் இருந்தால் சாப்பாட்டுத் தட்டையும் தூங்குமிடத்தையும் பிரித்துவையுங்கள்.

பினாயில் வேண்டவே வேண்டாம்!

ஒருமுறை போன இடத்தில் வாடை மிச்சமிருந்தால் பூனை மறுபடியும் அங்கேதான் போகும். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலப் படிகங்கள் தண்ணீரில் எளிதில் கரையாது. நமக்கு வாடை போய்விட்டதுபோலத் தெரிந்தாலும், அதன் மூக்குக்குத் தெரியும். அந்தப் படிகங்களைச் சிதைக்கும் என்சைம் க்ளீனர் செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, க்ளீனர் நன்றாக ஊறும்படி ஊற்றி, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டுத் துடைக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே துடைத்தால் பலனில்லை. பழைய கறை எங்கே என்று தெரியவில்லையா? இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரியும்.

பினாயில், பினால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு விஷம். தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பிராணி அது என்பதை மறக்க வேண்டாம். `பூனை வராம இருக்க' என்று மூலையில் போடும் கற்பூரமும் அந்துருண்டையும் அப்படித்தான். சிறுநீரின் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும். அது உங்களுக்கும் ஆபத்து.

அடிக்காதீங்க... அது புரியாது!

சிறுநீரில் மூக்கை வைத்துத் தேய்ப்பது, அடிப்பது, கத்துவது... மூன்றும் வேலைக்கு ஆகாது. `சோபாவில் போனதற்கு அடி' என்று பூனை புரிந்துகொள்ளாது. `இவர் ஆபத்தானவர்' என்றுதான் புரிந்துகொள்ளும். பதற்றம் கூடி, பிரச்னையும் கூடும். பதிலாக, சுத்தம் செய்த அந்த இடத்திலேயே சாப்பாட்டுத் தட்டை வைத்துப் பாருங்கள். சாப்பிடும் இடத்தை அசுத்தமாக்கப் பூனை பொதுவாக விரும்பாது. மெத்தைக்கு வாட்டர்ப்ரூஃப் கவர் போடுங்கள். பாக்ஸை ஒழுங்காகப் பயன்படுத்தும்போது ஒரு சின்னத் தின்பண்டம் கொடுங்கள்.

எந்த நாள், எந்த இடம், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று போனில் குறித்துவையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் ஒரு ஒழுங்கு தெரியும். மருத்துவரிடம் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. எல்லாம் செய்தும் தொடர்ந்தால், பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே கொடுக்க வேண்டும்.

`எங்கேயாவது விட்டுட்டு வா' என்ற யோசனைக்கு மட்டும் காது கொடுக்காதீர்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கவும் தெரியாது. வலியென்றாலும் பயமென்றாலும் அதனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சோபாவில் இருக்கும் ஈரம், அது உங்களிடம் சொல்ல வந்த விஷயமாகவும் இருக்கலாம்.