சீரொளித் துடிப்புகளால் தற்சுழற்சி அலைகளைக் கட்டுப்படுத்தல்

சீரொளித் துடிப்புகளால் தற்சுழற்சி அலைகளைக் கட்டுப்படுத்தல் என்பது, மிகக் குறுகிய சீரொளித் (லேசர்) துடிப்புகளைக் கொண்டு காந்தப் படிகங்களில் தற்சுழற்சி அலைகளைத் தோற்றுவித்தல், வலுப்படுத்தல், நிறுத்துதல் ஆகியவற்றைக் குறிக்கும். இத்துடிப்புகள் ஃபெம்டோ நொடி அளவின. ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாக்கி, அவற்றுள் ஒன்றை மீண்டும் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி ஆகும்.

தற்சுழற்சி அலை

காந்தப் படிகத்தில் அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று நிலை பிறழ்ந்தால், அப்பிறழ்வு அடுத்தடுத்த அணுக்களுக்கு அலையாகப் பரவும். இதுவே தற்சுழற்சி அலை. இக்கருத்தை 1930 இல் ஃபெலிக்ஸ் பிளாக் முன்வைத்தார். இவ்வலையின் குவாண்டம் மேக்னான் எனப்படும்.

வெப்பம் என்னும் சிக்கல்

1996 இல் 60 ஃபெம்டோ நொடித் துடிப்பால் நிக்கல் படலத்தின் காந்தத்தன்மை ஒரு பிக்கோ நொடிக்குள் பெரிதும் குறைவது கண்டறியப்பட்டது. ஆனால் உலோகம் ஒளியை உறிஞ்சிச் சூடேறுவதால் இவ்விளைவு நிகழ்கிறது. அடுத்த துடிப்புக்கு முன் அது குளிர வேண்டும். எனவே, வெப்பமின்றி ஒளியால் நேரடியாகத் தற்சுழற்சியை இயக்க முடியுமா என்ற வினா முதன்மை பெற்றது.

இதற்கு விடையளித்தது நேர்மாறு ஃபாரடே விளைவு. வட்டமுனைவுற்ற ஒளி, தான் செல்லும் திசையில் ஒரு காந்தப்புலம்போல் செயற்படும். முனைவாக்கம் இடஞ்சுழியிலிருந்து வலஞ்சுழிக்கு மாறினால் அப்புலத்தின் திசையும் எதிராகும்.

முக்கிய சோதனைகள்

* 2005: டிஸ்ப்ரோசியம் ஆர்த்தோஃபெரைட்டு படிகத்தில் 200 ஃபெம்டோ நொடித் துடிப்புகளால் தற்சுழற்சி அலைவுகள் தூண்டப்பட்டன. இடஞ்சுழி, வலஞ்சுழி ஒளிகள் எதிரெதிர்க் கட்டமுடைய அலைவுகளைத் தந்தன. இதனால், வெப்பம் அவற்றுக்குக் காரணமன்று என்பது தெளிவாயிற்று.
* 2011: எதிர் ஃபெர்ரோகாந்தமான நிக்கல் ஆக்சைடில், சீரொளியால் உருவாக்கிய டெராஹெர்ட்ஸ் துடிப்புகள் பயன்படுத்தப்பட்டன. இரண்டாம் துடிப்பு முழு அலைவுக்காலங்கள் கழித்து வந்தபோது அலைவு வலுப்பெற்றது. அரை அலைவுக்காலம் தள்ளி வந்தபோது அடங்கியது. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் வீச்சு கூடுவதும், எதிர்த்துத் தள்ளினால் அது நிற்பதும் இதற்கு ஒப்பாகும்.
* 2012: கார்னெட் படிகத்தில் ஒளிப்புள்ளியின் வடிவத்தை மாற்றி, அலை பரவும் திசை கட்டுப்படுத்தப்பட்டது.

பயன்பாடும் வரம்புகளும்

கணினிச் சில்லுகளில் மின்னோட்டம் வெப்பத்தை உண்டாக்குகிறது. தற்சுழற்சி அலைகள் மின்னூட்டங்கள் நகராமலே தகவலைக் கடத்துவதால் இவ்விழப்பு தவிர்க்கப்படும். எதிர் ஃபெர்ரோகாந்தங்களில் அலைவெண் டெராஹெர்ட்ஸ் அளவை எட்டுவதால் வேகமும் மிகும். எனினும், அலைகள் விரைவில் தணிந்துவிடுவதும், ஒளியை அதன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய இடத்தில் எளிதில் குவிக்க இயலாமையும் இத்துறையின் தடைகளாக உள்ளன.