கண்முன் விழுங்கிய மாத்திரை: சென்னை ஆய்வும் காசநோய்ச் சிகிச்சையின் செலவுக் கணக்கும்

சென்னை விமான நிலையத்தை அடுத்த திரிசூலத்தில் மின்தொடர்வண்டி ஏறித் தாம்பரம் செல்லும் நம் மாணவர்கள், அதற்கு முந்திய நிலையத்தின் பெயர் ‘தாம்பரம் சானடோரியம்’ என்பதைக் கவனித்திருக்கக்கூடும். 1928இல் மருத்துவர் சௌரிமுத்து அங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனையின் நினைவு அது. ஓய்வு, நல்லுணவு, தூய காற்று ஆகியவையே அன்றைய மருத்துவம். நோயாளிகளோ பல இலட்சம். படுக்கைகள் சில ஆயிரமே.

இந்நிலையில், 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஓர் ஒப்பாய்வை மேற்கொண்டது. 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு சாரார் சானடோரியத்திலும் மறு சாரார் நெரிசல் மிக்க தம் வீடுகளிலும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். நோய் அடங்கியோர் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினர். வீட்டில் 86 விழுக்காட்டினர். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது.

ஆயினும் சானடோரியத்தில் செவிலியரின் கண்முன் விழுங்கப்பட்ட மருந்து, வீட்டில் விழுங்கப்பட்டதா? முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தபோது, பலர் மருந்தைத் தவறவிட்டமை தெரிந்தது. நாள்தோறும் கண்காணிப்பதோ பெருஞ்செலவு. எனவே வாரம் இருமுறை மட்டும், பணியாளர் முன்னிலையில் மருந்தளிக்கும் முறை சென்னையில் சோதிக்கப்பட்டு, 1964இல் அதன் வெற்றி வெளியிடப்பட்டது. கண்காணிப்புச் சிகிச்சை பிறந்ததே சிக்கனத்தின் பொருட்டு எனலாம்.

1993இல் உலக வங்கியின் அறிக்கை, காசநோய்க்கான குறுகிய காலச் சிகிச்சையை மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவனவற்றுள் ஒன்றாகக் கணித்தது. நேரடிக் கண்காணிப்பை ஓர் உறுப்பாகக் கொண்ட ‘டாட்ஸ்’ திட்டம் அதன்பின் உலகெங்கும் பரவியது. ஆனால் அக்கணக்கு யாருடைய ஏட்டில் எழுதப்பட்டது என்பதே என் ஐயம். மருந்து, படுக்கை, பணியாளர் ஊதியம் ஆகியன அரசின் செலவுகள். நிலையத்திற்கு நடந்த பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் நோயாளியின் செலவுகள். சென்னை மையத்தின் வழிவந்த ஆய்வாளர்களே 1999இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் பள்ளிப் பிள்ளைகளுள் 11 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தியமை பதிவாகியுள்ளது. அப்பிள்ளைகளை எந்தச் செலவினத்தில் சேர்ப்பது?

கேப் டவுனிலும் (1998) பாகிஸ்தானிலும் (2001) நடந்த குலுக்கல் ஆய்வுகளில், கண்காணிப்பு தனித்ததொரு நன்மையைத் தெளிவாகக் காட்டவில்லை. மாறாக, தென்னாப்பிரிக்காவின் இலாபிசா வட்டாரத்தில் கடைக்காரர்களும் ஊர்த் தொண்டர்களும் மருந்து கொடுத்தனர். 1997இல் வெளியான கணக்கின்படி, நோயாளியை மருத்துவமனையிலேயே தங்கவைக்கும் பழைய முறையைவிட அது இருமடங்குக்கும் மேல் சிக்கனமானது. நோயாளிக்கும் செலவு குறைந்தது. அங்கே மாத்திரைக்காக அவர் நடந்தது, உப்பு வாங்கப் போகும் தொலைவே.